நீங்களே என்னைப் பலவந்தப்படுத்தினீர்கள்

பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசிப் பகுதியிலிருந்து ஒரு வசனம் நம் சபைகளில் எல்லோருக்கும் மனப்பாடம். "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." காலண்டரில் அச்சடித்திருப்பார்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் சொல்லி ஜெபிப்பார்கள். ஆனால் அந்த வசனம் பிறந்த இடம் ஒரு சண்டை. தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு காரியத்தை வேறு வழியில்லாமல் செய்துகொண்டிருக்கும்போது பவுல் அதை எழுதுகிறார். அந்தக் காரியம், தன்னைப் பற்றித் தானே பெருமை பேசுவது.

பத்தாம் அதிகாரம் முதல் பதின்மூன்று வரைக்கும் இடையில் நிறுத்தாமல் சத்தமாக வாசித்துப் பாருங்கள். கோபம், கெஞ்சல், குத்தல், பாசம் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. அதற்கு முந்தின அதிகாரங்களில் இருக்கும் நிதானம் இங்கே இல்லை. இந்த நான்கு அதிகாரங்கள் தனியாக அனுப்பிய இன்னொரு கடிதமாக இருக்குமோ என்று 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வேத ஆய்வாளர்கள் வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இந்தப் பகுதி முக்கியமாகப் படுவதற்குக் காரணம், ஆவிக்குரிய அதிகாரம் என்பதை இத்தனை வேதனையோடு பேசுகிற வேறு பக்கங்கள் ஆதித் திருச்சபையின் எழுத்துகளில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அந்த ஊரைப் பார்க்க வேண்டும். பழைய கிரேக்கக் கொரிந்தைக் கி.மு. 146இல் ரோமத் தளபதி முமியுஸ் அழித்துப் போட்டார். ஒரு நூற்றாண்டுக்கு அது ஏறக்குறைய இடிபாடாகவே கிடந்தது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார். வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு கடல்களுக்கு நடுவிலுள்ள குறுகிய நிலப்பகுதி, கிழக்கே கெங்கிரேயாத் துறைமுகம், வடக்கே லெகேயோன் துறைமுகம். பணம் புரளும் ஊர். பரம்பரைப் பெருமை இல்லாதவர்கள் ஒரே தலைமுறையில் மேலே ஏறி வரக்கூடிய ஊர். அப்படி ஏறி வந்தவர்கள் ஏறியதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

கொரிந்தின் சந்தைச் சதுக்கத்தில் பாபியுஸ் பிலினுஸ் என்பவர் கட்டிய வட்ட வடிவ நினைவு மண்டபம் ஒன்று இருந்தது. தன் சொந்தச் செலவில் இதைக் கட்டினேன் என்றும், நகரத்தின் உயர் அதிகாரி என்ற முறையில் அதற்கு ஒப்புதல் கொடுத்ததும் தானேதான் என்றும் அதன் கல்வெட்டு சொல்கிறது. தகப்பன் பெயர் அதில் இல்லை. அடிமை நிலையிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்று அதை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். நாடக அரங்கத்துக்குப் பக்கத்தில் 1929இல் கிடைத்த இன்னொரு கல்வெட்டில், ஏரஸ்து என்ற ஒருவர் தனக்குக் கிடைத்த நகரப் பதவிக்குக் கைம்மாறாகத் தன் செலவில் தளம் போட்டுக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. ரோமர் நிருபத்தின் கடைசியில் பவுல் சொல்லும் நகர உக்கிராணக்காரன் (பொருளாளர்) ஏரஸ்து இவர்தானா என்பது விவாதத்தில் உள்ள கேள்வி. எப்படியிருந்தாலும் ஊரின் மனநிலை புரிகிறது. செய்ததைச் சொல்லிக்கொள்ளாதவன் அங்கே செய்யாதவன்.

இந்த ஊருக்குள் பவுல் வந்தார். அவர் அங்கே இருந்தபோது அகாயா நாட்டு அதிபதியாயிருந்த கல்லியோனின் பெயர் டெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டில் இருப்பதால், காலத்தை ஏறக்குறைய கி.பி. 50, 51 என்று குறிக்க முடிகிறது. அப்போஸ்தலர் நடபடிகளின்படி ஒன்றரை வருஷம் தங்கினார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் பண்ணும் தொழில் செய்து பிழைத்தார். சபை உருவானது. பிறகு அவர் எபேசுவுக்குப் போய்விட்டார். அப்புறம் வேறு சிலர் வந்தார்கள்.

அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பவுலின் வாயிலாகத்தான். சிபாரிசுக் கடிதங்களோடு வந்தார்கள். எபிரெயர், இஸ்ரவேலர், ஆபிரகாமின் சந்ததி என்று வம்சம் சொன்னார்கள். நன்றாகப் பேசினார்கள். சபையிடம் பணம் வாங்கினார்கள். பவுல் அவர்களைக் கள்ள அப்போஸ்தலர் என்கிறார், சாத்தானின் ஊழியர் என்றுகூடச் சொல்கிறார். அவர்கள் தரப்பு நியாயத்தை எழுதி வைத்த கடிதம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களிலும் மனப்பூர்வமாக ஊழியம் செய்ய வந்தவர்கள் இருந்திருக்கலாம். பவுலின் வார்த்தைகள் அந்த இடத்தில் மிகக் கடுமையானவை என்றுதான் நான் வாசிக்கிறேன். அவரை நேசிப்பதால் அந்தக் கடுமையை மறைக்க வேண்டியதில்லை.

அவர்மேல் அவர்கள் சொன்ன குறை பத்தாம் அதிகாரத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. கடிதம் எழுதினால் கனமாக இருக்கிறது, நேரில் பார்த்தால் ஆள் பலவீனம், பேச்சு அற்பம். அதோடு பணம் சம்பந்தமான ஒரு குறையும் சேர்ந்தது. நமக்கு அது விநோதமாகத் தெரியும். அவர் பணம் வாங்கினார் என்பதல்ல, வாங்கவில்லை என்பதே குற்றச்சாட்டு! அந்தக் காலத்துச் சொற்பொழிவாளர்களுக்குக் கட்டணம் உண்டு. செல்வந்தர் ஒருவர் ஆதரிப்பார், பேச்சாளர் அவருக்குப் பெருமை சேர்ப்பார். கொடுப்பதை மறுப்பது நட்பையே மறுப்பது போல. கூலி வாங்காதவனின் சரக்கு மலிவானதாகத்தான் இருக்கும் என்ற சந்தேகமும் கூடவே வரும். போதாக்குறைக்கு மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்களின் உதவியை மட்டும் பவுல் ஏற்றுக்கொண்டார். கொரிந்தியரின் மனம் புண்பட்டதில் ஆச்சரியமில்லை.

பவுலின் இக்கட்டு இதுதான். பதில் சொல்லாமல் இருந்தால் தான் பெற்றெடுத்த சபை கையை விட்டுப் போகும். பதில் சொன்னால், அவர்கள் வைத்த அளவுகோலையே தானும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். "மேன்மைபாராட்டுகிறவன் கர்த்தரைக்குறித்தே மேன்மைபாராட்டக்கடவன்" என்று எரேமியாவின் வார்த்தையைத் தழுவிப் பத்தாம் அதிகாரத்தை முடிக்கப்போகிறவர், அடுத்த அதிகாரத்திலேயே தன்னைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

தற்புகழ்ச்சி அருவருப்பானது என்பது அன்றைய கிரேக்க, ரோமப் பண்பாட்டுக்கும் தெரியும். எந்தெந்தச் சமயத்தில் ஒருவன் தன்னைப் புகழ்ந்து பேசலாம் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சில பத்தாண்டுகள் கழித்து ஒரு முழுக் கட்டுரையே எழுதினார். பொய்க் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும்போது பேசலாம். புகழைத் தெய்வத்துக்குக் கொடுத்துப் பேசலாம். நடுவில் தன் சின்னக் குறை ஒன்றிரண்டைக் கலந்து சொன்னால் கேட்பவர்களுக்குப் பொறாமை வராது. புத்திசாலித்தனமான யோசனைகள்தான். பவுல் இவற்றையெல்லாம் தாண்டிப் போகிறார். குறையைக் கொஞ்சமாகக் கலக்கவில்லை. பெருமை இருக்க வேண்டிய இடம் முழுவதையும் குறையால் நிரப்புகிறார்.

ஆனால் ஆரம்பிக்கவே அவருக்கு மனம் வரவில்லை. பதினோராம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், என் புத்தியீனத்தைக் கொஞ்சம் சகித்துக்கொள்ளுங்கள் என்கிறார். சரி, ஆரம்பிக்கப்போகிறார் என்று பார்த்தால் வேறு எங்கோ போகிறார். பதினாறாம் வசனத்தில் மறுபடியும் கேட்டுக்கொள்கிறார். இப்படிப் பேசுவது கர்த்தருக்கு ஏற்ற பேச்சல்ல, புத்தியீனனைப் போலப் பேசுகிறேன் என்று எச்சரிக்கிறார். இருபத்தோராம் வசனம் வரை இந்தத் தயக்கம் நீள்கிறது. நடுவில் ஒரு வசனம் சுள்ளென்று விழுகிறது. உங்களை ஒருவன் அடிமையாக்கினாலும், உங்கள் பொருளை விழுங்கினாலும், தன்னை உயர்த்தினாலும், உங்களை முகத்தில் அறைந்தாலும் சகித்துக்கொள்கிறீர்களே! அதிகாரம் என்றால் அறைவது என்று பழகிப்போன ஒரு சபையைப் பார்த்து அந்த வார்த்தை வருகிறது.

அப்புறம் பட்டியல் தொடங்குகிறது. அவர்கள் எபிரெயரா? நானும்தான். இஸ்ரவேலரா? நானும்தான். கிறிஸ்துவின் ஊழியக்காரரா? இங்கே ஒரு கணம் நின்று, பைத்தியக்காரனைப் போலப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் அதிகம் என்கிறார். எதில் அதிகம்? நட்ட சபைகளின் எண்ணிக்கை வரும் என்று கொரிந்தியர் காத்திருந்திருப்பார்கள். வருவது வேறு எண்ணிக்கை. யூதரிடம் ஒன்று குறைய நாற்பது அடி, ஐந்து தரம். மிலாறுகளால், அதாவது தடிகளால் அடி, மூன்று தரம். கல்லெறி ஒரு தரம். கப்பற்சேதம் மூன்று தரம். கடலில் ஒரு இராப்பகல்.

எண்களைப் போட்டுத் தன் வாழ்க்கையைச் சொல்லும் இந்த முறை அன்றைய உலகத்துக்கு நன்றாகத் தெரிந்தது. லூக்கா சுவிசேஷத்தில் வருகிற அந்த அகுஸ்துராயன் தன் சாதனைகளைத் தானே எழுதி வைத்து, கி.பி. 14இல் இறந்த பிறகு அவை பல ஊர்களில் கல்லில் வெட்டப்பட்டன. இத்தனை முறை வெற்றி ஊர்வலம், இருபத்தொரு முறை வெற்றித் தளபதி என்ற பட்டம், தேருக்கு முன்னால் நடத்திச் செல்லப்பட்ட அரசர்களும் அரச பிள்ளைகளும் ஒன்பது பேர் என்று அது எண்களாலேயே நடக்கும். அதன் லத்தீன் பிரதி ஒன்றின் துண்டுகள் பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் கிடைத்திருக்கின்றன. பவுல் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று பிரசங்கித்த, பிறகு துரத்தப்பட்ட அதே ஊர். அந்த ஊர்க் கல்லில் ஒரு ராயனின் வெற்றிக் கணக்கு. பவுலின் கடிதத்தில் ஒரு தொழிலாளியின் அடி வாங்கிய கணக்கு. வடிவம் ஒன்றுதான்.

அந்த அடிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அடிக்கக் கூடாது என்பது உபாகமச் சட்டம், தப்பித்தவறிக் கூடிவிடக் கூடாது என்று முப்பத்தொன்பதோடு நிறுத்துவார்கள். இது ஜெப ஆலயத்தார் தங்கள் ஆளுக்குக் கொடுக்கும் தண்டனை. நான் உங்களைச் சேர்ந்தவன் அல்ல என்று சொல்லி விலகிப் போயிருந்தால் பவுல் இதிலிருந்து தப்பியிருக்கலாம். ஐந்து தரம் வாங்கினார் என்றால், ஒவ்வொரு தரமும் தன் ஜனத்திடம் திரும்பிப் போயிருக்கிறார். மிலாறு ரோம அதிகாரிகளின் தண்டனை. பிலிப்பியில் ஒரு தரம் நடந்ததை நடபடிகள் விவரிக்கிறது. மற்ற இரண்டும் எங்கே என்று தெரிவதற்கு வழியில்லை. கப்பற்சேதமும் அப்படித்தான். நாம் ஞாயிறு பள்ளியில் படித்த மெலித்தா தீவுச் சேதம் இந்தக் கடிதத்துக்குப் பிறகு நடந்தது. இங்கே அவர் சொல்லும் மூன்றும் வேறு. கொரிந்தில் யாரோ கிளறிவிடாமல் இருந்திருந்தால் இந்த விவரங்கள் எதுவும் நம் கைக்கு வந்திருக்காது.

புறநானூறு படித்தவர்களுக்குப் புறப்புண் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ரோமிலும் ஏறக்குறைய அதே கணக்குதான். போர்வீரன் மேலாடையை விலக்கி மார்பில் உள்ள வடுக்களைக் காட்டுவது பெருமை. முதுகில் தடியின் தழும்பு அடிமையின் அடையாளம். பவுல் எடுத்துக் காட்டுவது இந்த முதுகை.

பட்டியல் ஆற்று மோசம், கள்ளர் மோசம், பசி, குளிர், நிர்வாணம் என்று ஓடிக் கடைசியில் சபைகளைப் பற்றிய தினசரிக் கவலையில் வந்து முடிகிறது. "ஒருவன் பலவீனனானால் நானும் பலவீனனாகிறதில்லையோ? ஒருவன் இடறினால் என் மனம் எரியாதிருக்குமோ?" அடிகளைவிட இந்த வரிதான் என்னை அதிகம் அசைக்கிறது. அடி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அடுத்தவன் விழும்போது தனக்கு எரிகிறது என்பவர்கள் குறைவு.

இதற்குப் பிறகு சம்பந்தமில்லாதது போல ஒரு சம்பவம் வருகிறது. தமஸ்குவில் அரேத்தா ராஜாவின் அதிபதி தன்னைப் பிடிக்கக் காவல் வைத்தான், தன்னைக் கூடையில் வைத்து மதிலின் ஜன்னல் வழியாக இறக்கிவிட்டார்கள், தப்பினேன். அவ்வளவுதான். எதிரியின் மதில்மேல் முதலில் ஏறிக் குதிக்கும் ரோம வீரனுக்குப் பொன்னால் செய்த மதில் கிரீடம் தரும் வழக்கம் இருந்தது. அதை மனதில் வைத்து இந்த இடத்தை வாசிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஏறியவனுக்குக் கிரீடம், இவரோ மதிலிலிருந்து கூடையில் இறங்கியவர். எனக்கு அந்த வாசிப்பு பொருத்தமாகவே தோன்றுகிறது. ரோமக் குடியேற்றத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் குறிப்பு எட்டாமல் போயிருக்காது.

பன்னிரண்டாம் அதிகாரத்தில் தரிசனம். கொரிந்தியர் உண்மையில் கேட்க விரும்பியது இதுதான் என்று நினைக்கிறேன். பவுல் தன் பெயரைச் சொல்லாமல், கிறிஸ்துவுக்குள்ளான ஒரு மனுஷனை அறிவேன் என்று ஆரம்பிக்கிறார். பதினாலு வருஷத்துக்கு முன்னே அவன் மூன்றாம் வானம் மட்டும் எடுக்கப்பட்டான். சரீரத்தில் இருந்தானோ, சரீரத்துக்குப் புறம்பே இருந்தானோ, அறியேன், தேவன் அறிவார். மனுஷர் பேசக்கூடாத வார்த்தைகளைக் கேட்டான். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. என்ன பார்த்தான், என்ன கேட்டான், ஒன்றும் இல்லை.

காலக் கணக்கைக் கவனியுங்கள். இந்தக் கடிதம் ஏறக்குறைய கி.பி. 55, 56. பதினாலு வருஷம் பின்னால் போனால் கி.பி. 41, 42. அதாவது அவர் கொரிந்துக்குள் கால் வைக்கும்போதே இந்த அனுபவம் நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. சொல்லும் விதத்தைப் பார்த்தால், அங்கே தங்கிய ஒன்றரை வருஷத்தில் இதை அவர்களிடம் சொன்னவராகத் தெரியவில்லை. சபையைக் கட்ட அவருக்கு அது தேவைப்படவில்லை. இப்போதும் சொல்ல மறுப்பதற்கு அவர் ஒரு காரணம் தருகிறார். இந்த முழுப் பகுதியிலும் நான் அதிகம் யோசிப்பது அந்தக் காரணத்தைத்தான். என்னிடத்தில் காண்கிறதற்கும் என்னாலே கேட்கிறதற்கும் மேலாக ஒருவனும் என்னை எண்ணாதபடிக்கு, என்கிறார்.

ஒரு ஊழியர் தன்மேல் தானே போட்டுக்கொண்ட எல்லை இது. நான் எப்படி வாழ்கிறேன் என்று பார்க்கிறீர்கள். நான் பேசுவதைக் கேட்கிறீர்கள். அதை வைத்து என்னை எடை போடுங்கள். நீங்கள் சரிபார்க்க முடியாத ஒன்றை உங்கள் தலைக்கு மேல் வைத்து உங்களைப் பணிய வைக்க மாட்டேன். "கர்த்தர் என்னோடு நேற்று ராத்திரி பேசினார்" என்ற வாக்கியத்துக்கு மேல் ஒரு கேள்வியும் எழுப்ப முடியாத கூட்டங்களில் நம்மில் பலர் உட்கார்ந்திருக்கிறோம். பேசியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்த வாக்கியம் சொல்லப்பட்டதும் கேட்டவர்களின் வாய் மூடிக்கொள்கிறது. பவுலிடம் அந்த வாக்கியம் இருந்தது. அதை அவர் பயன்படுத்த மறுத்தார். மூன்றாம் வானத்துக்குப் போய் வந்தவர் மறுத்தார் என்பதால்தான் அந்த மறுப்புக்கு இவ்வளவு கனம்.

அவர் விட்ட இடைவெளியைப் பிற்காலத்தவர்கள் சும்மா விடவில்லை. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் பவுலின் தரிசனம் என்று ஒரு நூல் பரவியது. தர்சுவில் அவருடைய வீட்டின் அடியில் சலவைக்கல் பெட்டியில் கிடைத்தது என்று அதன் முன்னுரை கூறும். பரலோகமும் நரகமும் அதில் விலாவாரியாக வரும். எகிப்தில் நாக் ஹம்மாடியில் 1945இல் கிடைத்த சுவடிகளில் இருக்கும் இன்னொரு நூலில் பவுல் பத்தாம் வானம் வரை ஏறுகிறார். அவர் வாயை மூடிக்கொண்ட இடத்தில் மற்றவர்கள் பேசிப் பேசி நிரப்பினார்கள்.

தரிசனத்தை அடுத்து முள். மேன்மை அடையாதபடிக்குச் சரீரத்தில் ஒரு முள், குட்டுகிற சாத்தானின் தூதன். அது என்ன என்று கேட்டுக் கேட்டுச் சபை களைத்துவிட்டது. ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் தலைவலி அல்லது காதுவலி என்று தான் கேள்விப்பட்டதை எழுதினார். பழங்காலப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் அது எதிரிகளைச் சொல்கிறது என்றார். கலாத்தியர் நிருபத்தை வைத்துக் கண் நோய் என்பவர்களும் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. மற்ற ஊழியர்கள் சுகம் பெற்ற சாட்சியைச் சொல்லும் இடத்தில், இவர் சுகமாகாத சாட்சியைச் சொல்கிறார். அங்கேதான் நம் காலண்டர் வசனம் வருகிறது. அது ஒரு வேண்டுதலுக்குக் கிடைத்த "இல்லை" என்ற பதில்.

இதற்கு அடுத்து வரும் பதினோராம் வசனத்தைப் பற்றித்தான் நான் இவ்வளவும் எழுதினேன். "நீங்களே இதற்கு என்னைப் பலவந்தப்படுத்தினீர்கள், உங்களாலே நான் மெச்சிக்கொள்ளப்படவேண்டியதாயிருந்ததே." இந்த அதிகாரங்களைப் பவுலின் தாழ்மைக்கு உதாரணமாகத்தான் வழக்கமாகப் பிரசங்கிக்கிறோம். எனக்கு அது பாதிதான். மீதிப் பாதி கொரிந்தியரைப் பற்றியது. அவர் உழைத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அவர் ஊதியம் வாங்காததை அறிந்தவர்கள். வெளியூர்க்காரர்கள் வந்து அவரை அற்பம் என்றபோது, எங்களுக்கு இந்த மனிதரைத் தெரியும் என்று எழுந்து சொல்ல வேண்டியது அவர்களுடைய கடமை. அவர்கள் வாய் திறந்திருந்தால் பவுல் வாய் திறந்திருக்க வேண்டாம். மூன்றாம் அதிகாரத்தில், எங்கள் சிபாரிசுக் கடிதம் நீங்களே என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் பேசவில்லை. கடைசியில் அவரே தனக்குச் சாட்சி சொல்ல நேர்ந்தது.

நம் சபைகளில் இது இன்றும் நடக்கிறது. கிராமத்துச் சபைகளில் சைக்கிளில் போய்ப் போய், வருஷக்கணக்காக வீடு வீடாகப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் வந்ததில்லை. சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வருகிறவர் ஒரு நாள் மாலை மட்டும் வந்து போவார். யாருடைய ஊழியத்துக்கு எடை அதிகம் என்று முடிவு செய்வது மேடையில் இருப்பவர் மட்டுமல்ல. கீழே உட்கார்ந்திருக்கும் நாமும்தான். தன்னைப் பற்றிப் பேசுகிறவரைத்தான் நாம் கூப்பிடுகிறோம், பேசாதவரை மறந்துவிடுகிறோம். அப்புறம் ஊழியர்கள் பெருமை பேசுகிறார்கள் என்று குறைப்படுகிறோம்.

ஒரு கேள்வியை ஒதுக்க முடியாது. பலவீனத்தையே பெருமையாக்கினால் அதுவும் ஒரு புதுவிதப் பெருமை ஆகாதா? ஆகும், ஆனது. கி.பி. 96 வாக்கில் ரோமச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில் (கிளெமந்து எழுதியது என்பது பாரம்பரியம்) பவுல் ஏழு தரம் விலங்கிடப்பட்டார், துரத்தப்பட்டார், கல்லெறியப்பட்டார், உயர்ந்த புகழ் பெற்றார் என்று வருகிறது. அவர் கூச்சத்தோடு சொன்ன பட்டியல் வெற்றிப் பட்டியலாகிவிட்டது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்படும் வழியில் கடிதம் எழுதிய அந்தியோகியாப் பேராயர் இக்னாசியு இந்த அபாயத்தை உணர்ந்திருந்தார். பெருமையால் அழிந்துபோகாதபடிக்கு என்னை நானே அளந்துகொள்கிறேன் என்று திரல்லேஸ் சபைக்கு எழுதினார். பாடுகளையும் வைத்துப் பெருமைப்படலாம் என்று தெரிந்த மனிதரின் வார்த்தை அது.

பவுல் அந்தக் குழியில் விழாமல் இருந்தது எதனால் என்று யோசித்தால், பட்டியல் முடிந்ததும் அவர் அதை விட்டுவிடுவது கண்ணில் படுகிறது. அப்போஸ்தலனுக்குரிய அடையாளங்களை, அற்புதங்களை, ஒரே வசனத்தில் தொட்டுவிட்டு நகர்கிறார். மூன்றாந்தரம் உங்களிடம் வர ஆயத்தமாயிருக்கிறேன், உங்களுடையதை அல்ல, உங்களையே தேடுகிறேன் என்கிறார். பெற்றாருக்குப் பிள்ளைகளல்ல, பிள்ளைகளுக்குப் பெற்றார்களே பொக்கிஷம் சேர்க்க வேண்டும் என்கிறார். நான் அதிகமாய் அன்புகூர, நீங்கள் குறைவாய் அன்புகூர்ந்தாலும், உங்களுக்காகச் செலவுபண்ணவும் செலவுபண்ணப்படவும் விரும்புகிறேன் என்கிறார். தனக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் இடித்துப்போட அல்ல, கட்டுவதற்கே என்று பத்தாம் அதிகாரத்தில் சொன்னதைப் பதின்மூன்றில் திரும்பவும் சொல்லி முடிக்கிறார்.

இந்தக் கடிதம் பலித்ததா? அதற்கு ஓர் அடையாளம் ரோமர் நிருபத்தில் இருக்கிறது. நடபடிகளின்படி பவுல் இதற்குப் பிறகு கிரேக்கு தேசத்தில் மூன்று மாதம் தங்கினார். ரோமர் நிருபத்தை அங்கே, கொரிந்தில் இருந்துதான் எழுதினார் என்பது பெரும்பாலோர் கருத்து. தன்னையும் சபையையும் உபசரித்து வருகிற காயுவின் வாழ்த்துதலை அதன் முடிவில் சேர்க்கிறார். கெங்கிரேயாச் சபையின் பெபேயாளைச் சிபாரிசு செய்கிறார். எருசலேமிலுள்ள ஏழைகளுக்காக அவர் கேட்டிருந்த காணிக்கையையும் மறக்கவில்லை. அதை வைத்துத்தான் கொரிந்தில் சிலர் அவரைத் தந்திரக்காரர் என்று சந்தேகப்பட்டார்கள். அந்தக் காணிக்கையை மக்கெதோனியாவில் உள்ளவர்களும், கொரிந்து இருக்கிற அகாயாவில் உள்ளவர்களும் மனதாரக் கொடுத்தார்கள் என்று பதினைந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார்.